பதினேழாவது கேள்வி

கேள்வி கேட்டே முப்பத்து நாலு வருஷம் சம்பளம் வாங்கியவர் சென்னியப்பன். போலீஸில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைத் தடவிக்கொண்டு "ம்ம்...?" என்று ஒரு தடவை இழுத்தாரென்றால், ஆடு திருடியவன் போன வருஷம் கோழி திருடியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவான்.

அப்பேர்ப்பட்டவர் அறுபத்தோராவது வயதில் உளவள ஆலோசனைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். பரீட்சையெல்லாம் பாஸ். இனி ஆறு மாதம் ஒருவரிடம் இருந்து பழக வேண்டும் என்று தில்ஷாத் என்ற பெண் ஆலோசகரிடம் அனுப்பினார்கள்.

தில்ஷாத்துக்கு முப்பத்திரண்டு வயது. சென்னியப்பனின் மகளைவிட மூன்று வயது இளையவர். முதல் நாள் அவர் அறைக்குள் வந்ததும் சென்னியப்பனின் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

"கையக் கீழ விடுங்க சார்."

அதுதான் முதல் பாடம்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆலோசனை மையம். கீழே கடைக்காரர் ஒவ்வொரு மோட்டாராக ஓட்டிப் பார்ப்பார். அப்போதெல்லாம் மேலே மேஜையில் தண்ணீர் டம்ளர் கிடுகிடுவென்று நடுங்கும். அறையில் இரண்டு நாற்காலிகள். நேருக்கு நேர் கிடக்காது. கொஞ்சம் சாய்ந்து கிடக்கும். ஒருநாள் சென்னியப்பன் அவற்றை ஒழுங்காக நேரே போட்டு வைத்தார். தில்ஷாத் வந்து மறுபடி சாய்த்தார்.

"நேரா உட்கார்ந்தா அது விசாரணை சார்."

இன்னொரு பாடமும் உண்டு. வந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது புத்திமதி சொல்ல நாக்கு துடித்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் வாரம் சென்னியப்பன் குடித்த தண்ணீருக்குக் கணக்கே கிடையாது. கீழ்க்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "என்னங்க ஏட்டய்யா, மேல கவுன்சிலிங்கா, குடிநீர்ப் பந்தலா?" என்று கேட்டார்.

"எஸ்.எஸ்.ஐ. ஏட்டு இல்ல," என்றார் சென்னியப்பன், தண்ணீர் குடிக்காமல்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று மகள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் அவரிடம் இருந்தது. மனசு தாங்காமல் உயிரை விட்டவர்களின் வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக எத்தனையோ தடவை நின்றிருக்கிறார். அப்பா, மச்சான், ஹவுஸ் ஓனர் என்று ஆள் மாறும். வாக்குமூலம் மாறாது. "காலைலகூட சிரிச்சுப் பேசிட்டுத்தானுங்க போனான்." எழுதி எழுதி அந்த வாக்கியம் அவர் கைக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆள் போன பிறகு போய் நிற்கிற வேலை போதும், ஒருநாளாவது முன்னால் போய் நிற்க வேண்டும் என்றுதான் இங்கே வந்தார்.

வருகிறவர்களுக்கு, வருகிற ஒவ்வொரு தடவையும் நிரப்ப, ஒரு பதிவுத்தாள் உண்டு. பதினெட்டுக் கேள்விகள். தூக்கம், பசி, குடி, கோபம் என்று போகும். பதினேழாவது கேள்வி: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருக்கிறதா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். உண்டு. இல்லை.

அந்தப் புதன்கிழமை, முதல் முறையாகச் சென்னியப்பன் தனியாக ஒருவரிடம் பேசினார். பக்கத்து அறையில் தில்ஷாத் வேறொரு குடும்பத்தோடு இருந்தார்.

வந்தவர் குழந்தைவேலு. நாற்பத்தொரு வயது. மின்சார லைன்மேன். மூன்று மாதத்துக்கு முன் அவரோடு வேலை செய்த பொன்னுசாமி கம்பத்தின் மேலேயே மின்சாரம் தாக்கி இறந்துபோனார். கரண்ட்டை நிறுத்திவிட்டு, கீழே நின்று, "ஏறுப்பா" என்று சொன்னவர் குழந்தைவேலு. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் யாரோ ஜெனரேட்டரைப் போட, அந்த மின்சாரம் திரும்பி லைனுக்குள் வந்துவிட்டது. குழந்தைவேலு மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவர் மனைவி பூங்கொடி லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். குழந்தைவேலு அதை ஒருதடவைகூடப் படிக்கவில்லை.

தில்ஷாத்திடம் வந்த முதல் இரண்டு தடவையும் அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். இன்று ஆளே வேறு. வழித்த முகம், தேய்த்த சட்டை, வாய் நிறையப் பேச்சு.

"எங்க இன்ஜினியரு ஏ.இ. போன்ல பேசமாட்டாருங் சார், இருமுவாரு. ஒரு இருமல்னா கம்பம் சாஞ்சிருச்சுன்னு அர்த்தம். ரெண்டு இருமல்னா டிரான்ஸ்பார்மரு. அன்னிக்கு அவருக்கு நெசமாவே சளி. ஊர் பூராம் ஏணியத் தூக்கிட்டு ஓடினமுங்."

இருமியும் காட்டினார். சென்னியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆள் தேறிவிட்டார் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

பதினாறு கேள்விகள் மளமளவென்று போயின. பதினேழுக்கு வந்ததும் பேனா நின்றது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் போய் அதை எப்படிக் கேட்பது? கேட்டால், இல்லாத நினைப்பு வந்து தொலைத்தால்? டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

குழந்தைவேலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது என்னங் சார்?"

"அடுத்தது... அதெல்லாம் உங்களுக்கு இல்லைங்க. விடுங்க."

'இல்லை' கட்டத்தில் டிக் போட்டார்.

"சரிங்," என்று சிரித்தார் குழந்தைவேலு.

எழுந்து போகும்போது இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை உருவி மேஜைமேல் வைத்தார். சிவப்புப் பிடி, கை பட்டுப் பட்டு ரோஸாகிவிட்டிருந்தது.

"பதினெட்டு வருஷமா எங்கூட இருக்குதுங். உங்க ஊட்டுக்கு ஆவும், வெச்சுக்குங் சார்."

பன்னிரண்டரை மணிக்குத் தில்ஷாத் அறையிலிருந்து வெளியே வந்தார். சென்னியப்பன் பதிவுத்தாளைக் கொடுத்தார். கூடவே பிளேயரையும் இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார், கோப்பை வாங்கிய பையன் மாதிரி.

"சர்வீஸ்ல ஒருத்தர்கிட்டயும் கை நீட்டினதில்லீங்க மேடம். ஆனா இது அன்பாக் குடுத்தது. மறுத்தா மனசு கஷ்டப்படுவாருன்னு வாங்கிட்டேன். நம்மள நம்ப ஆரம்பிச்சுட்டாருங்க."

தில்ஷாத் பிளேயரைத் தொடவில்லை.

"மறுபடி எப்ப டூட்டிக்குப் போறாராம்?"

"நாளைக்கே போறாராம்."

"பிளேயர் இல்லாமலா?"

கீழே ஏதோ மோட்டார் ஓடியது. டம்ளர் நடுங்கியது.

"பதினேழு கேட்டீங்களா சார்?"

"இல்லைன்னு போட்டிருக்கேன் மேடம்."

"போட்டிருக்கறதப் பார்த்துட்டேன். கேட்டீங்களா?"

இதே கிடுக்கியில் எத்தனை பேரைப் பிடித்திருப்பார் அவர்! பிடிபட்டால் காது எப்படிச் சுடும் என்று இன்றுதான் தெரிந்தது.

"கேக்கலீங்க மேடம்."

திட்டியிருந்தால் தேவலை. தில்ஷாத் திட்டவில்லை. மேஜைமேல் கிடந்த அவர் போனை எடுத்து, "குழந்தைவேலுவுக்குப் போடுங்க," என்று அவர் கையில் கொடுத்தார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, தேனில் ஊறிய குரலில் ஒரு பெண், நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது பதிலளிக்கவில்லை என்றாள். மறுபடி போட்டார். அதே பெண், அதே தேன். ஐந்தாவது தடவை அவள் வாயைத் திறப்பதற்குள், "தெரியும்மா!" என்று சென்னியப்பன் கத்திவிட்டார்.

தில்ஷாத் தன் போனில் பூங்கொடியைப் பிடித்தார். பனியன் கம்பெனியில் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"பொன்னுசாமி அண்ணன் ஊட்டுக்குப் போறேன்னு சொன்னாருங் மேடம். அவிங்க சம்சாரத்தப் பார்த்துட்டு வர்றேன்னாரு. ஏனுங்? காலைலகூடச் சிரிச்சுப் பேசிட்டுத்தானுங் போனாரு."

சென்னியப்பனின் வலது கை மேஜைமேல் தானாக அசைந்தது, எழுதுவது போல. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

தில்ஷாத் பூங்கொடியிடம் மறைக்காமல் சொன்னார். உடனே கம்பெனியிலிருந்து கிளம்பச் சொன்னார், தம்பியைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார், போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார்.

"நான் ஸ்டேஷனுக்குச் சொல்லி ஜீப்ப அனுப்பச் சொல்றேன் மேடம்," என்றார் சென்னியப்பன். குரல் பழைய காக்கிக்குள் போய் நின்றுகொண்டது. "பத்தே நிமிஷம். தூக்கிட்டு வந்துருவாங்க."

"ஜீப்புல ஏறினா அவருக்கு எது ஞாபகம் வரும்?"

பொன்னுசாமி செத்த அன்று குழந்தைவேலுவை விசாரணைக்கு ஏற்றிப் போனது ஜீப்தான்.

"தயாரா இருக்கச் சொல்லுங்க. அவர் எங்க இருக்கார்னு தெரியலைன்னா, அல்லது நம்மால முடியலைன்னா கூப்பிடுவோம். இன்னும் ரெண்டு நிமிஷம் போன் போடுங்க."

ஸ்டேஷனுக்குச் சொன்னார். மறுபடி குழந்தைவேலுவுக்குப் போட்டார். தேன் குரல். மறுபடி. தேன் குரல். சென்னியப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அவர் எடுத்தார்னு வைங்க. நான் அதக் கேட்டு, அதனாலேயே அந்த நெனப்பு அவருக்கு வந்துட்டா?"

தில்ஷாத் ஒரு நாற்காலியை இழுத்து, சாய்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"சென்னியப்பன் சார். உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

அவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"என்னங்க மேடம் இது! இல்லீங்க."

"நான் கேட்ட பிறகு வந்துச்சா?"

"இல்லீங்க."

"சரி."

அவ்வளவுதான். தில்ஷாத் பார்வையை எடுக்கவில்லை. சென்னியப்பன் வாயைத் துடைத்துக்கொண்டார். டம்ளரைத் தேடினார். அது காலி.

"இப்ப இல்லீங்க," என்றார்.

"எப்ப இருந்துச்சு?"

"ஊட்டுக்காரி காரியம் முடிஞ்சப்ப. நாலு வருஷம் ஆச்சு." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பதினாறு நாளும் வீடு நிறைய சனம். சாப்டீங்களா, சாப்டீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மக, மருமகன், பால்காரன்கூட. சாப்ட்டேன், சாப்ட்டேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா?"

அவர் வாயைத் திறந்தார். அப்போது போன் அடித்தது. குழந்தைவேலு.

சென்னியப்பன் போனைத் தில்ஷாத் பக்கம் நீட்டினார். தில்ஷாத் கையைக் கட்டிக்கொண்டார்.

"உங்களைத்தான் கூப்பிடறார்."

பச்சைப் பொத்தானை அமுக்க முடியாமல் விரல் வழுக்கியது. மூன்றாவது தடவை அமுங்கியது.

"சார்... நெறைய தடவ கூப்ட்டீங்க போல." காற்று இரைச்சலுக்குள் குரல் தட்டையாக வந்தது. காலையில் இருமிக் காட்டிய குரலா இது?

"ஆமாங்க. அது வந்து... சாப்டீங்களா?"

தில்ஷாத் கண்ணை மூடித் திறந்தார்.

"சாப்ட்டனுங்."

அந்தச் 'சாப்ட்டனுங்' சென்னியப்பனுக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"குழந்தைவேலு. காலைல ஒரு கேள்விய நான் உங்ககிட்டக் கேக்கல. பயந்துட்டேன். இப்பக் கேக்கறேன்."

"கேளுங் சார்."

"உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

சொல்லியாயிற்று. இனி அந்த வார்த்தையைத் திரும்ப வாய்க்குள் போட முடியாது. மறுபக்கத்தில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைந்தது. போச்சு, நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்...

"ஆமாங் சார்."

பிறகு, ரொம்ப மெதுவாக:

"காலைலயே கேப்பீங்கன்னு நெனச்சனுங்."

சென்னியப்பன் போனை நெஞ்சில் வைத்து அமுக்கிக்கொண்டார். "ஆமாங்கறார் மேடம்," என்றார். "ஆமாங்கறார்! நான் இப்ப என்ன சொல்ல?"

தில்ஷாத் ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

"சொன்னதுக்கு நன்றி சொல்லுங்க. எங்க இருக்கார்னு கேளுங்க. நாம வர்றோம், அங்கேயே இருக்கச் சொல்லுங்க. போய்ச் சேர்ற வரைக்கும் லைன்ல இருங்க."

சப்-ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில், வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார் குழந்தைவேலு. தில்ஷாத் அதைப் பூங்கொடிக்குச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவருக்கும் சொன்னார், இன்றைக்கே ஒருவரைக் கூட்டி வருகிறோம் என்று. இரண்டு போன், அரை நிமிஷம். படியிறங்கிக்கொண்டே பேசி முடித்தார்.

ஸ்கூட்டரின் பின்னால் சென்னியப்பன். ஒரு கை கம்பியில், ஒரு கை காதில். பதினோரு வருஷம் பைக்கில் ரோந்து போனவர், இன்று வேகத்தடைக்கு வேகத்தடை சீட்டிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தார். கீழ்க்கடைக்காரர் பின்னாலிருந்து, "எங்கீங் இந்த வெய்யில்ல?" என்று கத்தியது காற்றில் போயிற்று.

"பஸ் ஸ்டாண்டத் தாண்டிட்டோம் குழந்தைவேலு. கோயில் வளைவுகிட்ட வந்துட்டோம். அங்கேயே இருங்க."

"இருக்கனுங்."

"நீங்க தனியா இருக்க வேண்டாம்னு பூங்கொடியும் வர்றாங்க."

குழந்தைவேலுவின் குரல் இறங்கியது:

"ஏறுப்பான்னு நான்தானுங் சார் சொன்னேன்."

சென்னியப்பனின் நாக்கு துடித்தது. உங்க மேல தப்பில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்களே, லேமினேஷன்கூடப் போட்டிருக்கே, ஜெனரேட்டரப் போட்டவன் யாரோ, நீங்க என்ன பண்ணுவீங்க... எல்லாம் வரிசையாகத் தொண்டையில் வந்து நின்றது. குடிக்கத் தண்ணீர் இல்லை. எச்சிலை விழுங்கினார்.

"ஆமாங்க. நீங்கதான் சொன்னீங்க."

மறுபக்கத்தில் ஏதோ உடைந்தது. முதலில் இருமல் மாதிரி இருந்தது. அது இருமல் இல்லை. மூன்று மாதமாக வராத அழுகை.

சென்னியப்பன் அந்த அழுகையைக் காதில் பிடித்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டினார், மார்க்கெட்டைத் தாண்டினார். யாரோ தெரிந்தவர் வணக்கம் வைத்தார். அதைக்கூட அவர் பார்க்கவில்லை. பிறகு அழுகையும் நின்றுபோயிற்று. ஒன்றுமே கேட்கவில்லை.

"மேடம்!" என்று தில்ஷாத்தின் காதுக்குப் பின்னால் கத்தினார். "பேச மாட்டேங்கறாரு! எனக்கும் பேச ஒண்ணும் வரல!"

"மூச்சு கேக்குதா?"

லாரிகள், ஹாரன்கள், காற்று. எல்லாவற்றுக்கும் நடுவே போனைக் காதோடு நசுக்கிக் கேட்டார்.

"கேக்குது மேடம்."

"அது போதும் சார்."

வாய்க்கால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சென்னியப்பன் மூச்சை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது வரத் தாமதமானது. கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது. வந்தது, மூன்று.

கடைசி வளைவில் பாலம் தெரிந்தது. கட்டையில் தேய்த்த சட்டையோடு குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூங்கொடி. கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். புருஷனின் சட்டைக் கையைச் சுருட்டி முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டிருந்தார், கூட்டத்தில் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. கொஞ்சம் தள்ளித் தம்பியின் பைக் நின்றது.

தில்ஷாத் பத்தடி தள்ளியே ஸ்கூட்டரை நிறுத்தினார். தடுமாறி இறங்கினார் சென்னியப்பன்.

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. போன் இன்னும் அவர் காதில் இருந்தது. சென்னியப்பனின் போனும் காதில் இருந்தது. பத்தடி தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் போனில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அதன் வாயை மட்டும் கையால் மூடிக்கொண்டு, தில்ஷாத் பக்கம் குனிந்தார்.

"மேடம்... ஆள்தான் எதிரிலேயே இருக்காரே. போனை வெச்சுரட்டுங்களா?"

"அவர் முதல்ல வைக்கட்டும் சார்."